நரித்தலையோடு போகாத கடிதம்

2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் 17ஆந் திகதி, திங்கட்கிழமை, முற்பகல் 9.20 மணி

1. பெட்டியை அனுப்பியவரின் வாக்குமூலம்

பெயர்: பெரியசாமி நாகலிங்கம். வயது: 73. தொழில்: ஓய்வுபெற்ற தோட்டத் தலைமை இலிகிதர். முகவரி: இல. 3, உத்தியோகத்தர் விடுதி, மேற்பிரிவு, அம்பதெனிய தோட்டம், கஹவத்தை. வாக்குமூலம் அளிக்கும் மொழி: தமிழ். பதிவுசெய்பவர்: பொலிஸ் கான்ஸ்டபிள் ஹஸீப்.

நான் மேற்படி முகவரியில் தனியாக வசிக்கிறேன். மேற்படி தோட்டத்தில் 1972 ஜூன் 1 முதல் 2011 டிசம்பர் 31 வரை இலிகிதராகவும் பின்னர் தலைமை இலிகிதராகவும் கடமையாற்றினேன். இவ்வழக்கின் சந்தேக நபரான அழகமுத்து என்பவர் எங்கள் பிரிவின் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வசிக்கும் இறப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. அவருடைய பிறப்பைப் பதிவதற்கான பத்திரத்தை எழுதியவன் நான் என்பதால் அவரை அவர் பிறந்த நாளிலிருந்து அறிவேன். அவர் நரியின் தலையை விற்பனைக்குக் கொண்டு சென்றார் என்ற சந்தேகத்தில் விளக்கமறியலில் இருப்பதாக அறிந்து, நானாகவே முன்வந்து இவ்வாக்குமூலத்தை அளிக்கிறேன்.

எங்கள் பிரிவின் இறப்பர் மலைக்குக் கீழே கைவிடப்பட்ட மாணிக்கக்கல் குழியொன்று உள்ளது. அதன் பக்கச் சுரங்கத்தில் ஒரு சோடி நரிகள் குடியிருந்தன. என் விடுதியின் பின்பக்கத்திலிருந்து பார்த்தால் அந்தச் சரிவு முழுவதும் தெரியும். 2024 ஓகஸ்ட் 6ஆந் திகதி, செவ்வாய்க்கிழமை, கால்நடை மருத்துவர் ஷாமிளா என்பவர் நரிகள் பற்றிய ஆய்வுக்காக வந்து, அங்குள்ள மரமொன்றில் தானாகப் படமெடுக்கும் கமெராவைக் கட்டிவிட்டு, அதைக் கவனித்துக்கொள்ளும்படி என்னைக் கேட்டுக்கொண்டார். அக்கமெராவின் கடிகாரம் நான்கு நிமிடம் பிந்தியிருந்ததை நான் சுட்டிக்காட்டித் திருத்துவித்தேன்.

அதன் பின்னர் நான் நாள்தோறும் அவற்றைக் கவனித்து வந்தேன். ஆணும் பெண்ணும் பிரியாமல் வாழ்ந்தன. முந்தைய ஈற்றுக் குட்டிகளில் ஒன்று, வளர்ந்த பிறகும் போகாமல், தாய் தகப்பனோடு தங்கியிருந்தது. இவ்வருடம் பெப்ரவரி 9ஆந் திகதி குழிவாயில் நான்கு குட்டிகளைக் கண்டேன். ஆண் நரி எலியையும் நீரோடும் கானில் பிடித்த நண்டையும் வயிற்றில் கொண்டுவந்து கக்கிக் கொடுக்கும். இரண்டு பெரியவையும் இரைக்குப் போகும்போது மூத்த குட்டி இளையவற்றுக்குக் காவலிருக்கும். அவை வந்த பிறகு நாற்றுமேடையில் எலித்தொல்லை குறைந்ததை மேற்பார்வையாளர்களும் ஒப்புக்கொண்டார்கள். கோயில் திருவிழாவில் வெட்டும் ஆடுகளின் குடலை மலையோரத்தில் கொட்டுவது எங்கள் வழக்கம். அதைத் தின்ன நரிகளும் வரும், லயத்து நாய்களும் வரும். பெப்ரவரி மாதக் கடைசியில் லயத்து நாய்கள் மூன்று கண்ணில் பீளை தள்ளி, கால் இழுத்துச் செத்தன. யாரோ நஞ்சு வைத்துவிட்டதாக ஆட்கள் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படியே நினைத்து அதற்குமேல் விசாரிக்கவில்லை.

மார்ச் 10ஆந் திகதி, திங்கட்கிழமை, முற்பகலில், பெண் நரி, தொழிலாளரைக் காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டுக்களத்துக்குப் போகும் பாதையின் நடுவில் வந்து நின்றது. வாயில் ஒன்றுமில்லாமலே எதையோ மெல்வதுபோல் தாடையை அசைத்துக்கொண்டிருந்தது. நாய்கள் குரைத்தும் ஓடவில்லை. வெறிநோயான விசர் பிடித்துவிட்டது என்று சிலர் பொல்லெடுத்து வந்தார்கள். அழகமுத்து குறுக்கே நின்று, "கிட்ட போகாதீங்க. கடிச்சா ஊசி போட்டுக்க ரத்தினபுரிக்கு அலையப்போறது நீங்கதான், நான் இல்ல" என்று சொன்னதும் அவர்கள் சிரித்துக்கொண்டு கலைந்தார்கள். அதன் பின்னர் அது தள்ளாடிக் குழிப்பக்கம் இறங்கியது. 12ஆந் திகதி, புதன்கிழமை, பிற்பகல் 4.10 மணிக்கு, குழிவாயிலிருந்து சில அடி இப்பால் இறந்தது. குட்டிகள் வெளியே வந்து அதன் வயிற்றில் முட்டின. ஆண் நரி வந்து அவற்றை உள்ளே தள்ளிவிட்டுத் தானும் உள்ளே போனது.

நான் தொலைபேசியில் அறிவித்ததன் பேரில் மருத்துவர் ஷாமிளா அன்று மாலையே மோட்டார் சைக்கிளில் வந்தார். கையுறை அணிந்து, தலையை அறுத்தெடுத்து, மூன்று பொலித்தீன் உறைகளிலிட்டு, ஐஸ் நிரப்பிய ரெஜிபோம் பெட்டியில் வைத்தார். விசர் நோயும் நாய்களிடமிருந்து நரிகளுக்கும் தொற்றும் டிஸ்டெம்பர் என்ற நோயும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் என்றும், மூளையைப் பரிசோதித்தாலன்றிச் சொல்ல முடியாது என்றும் விளக்கினார். டிஸ்டெம்பர்தான் என்று ஆய்வுகூடம் எழுதிக்கொடுத்தால் லயத்து நாய்கள் அனைத்துக்கும் தடுப்பூசி கொண்டுவரத் தன்னால் முடியும் என்றும், எழுத்தில் இல்லாவிட்டால் எந்த அலுவலகமும் அசையாது என்றும் சொன்னார். நான்கு குட்டிகள்தானே, வேறு நரிகள் இல்லையா என்று நான் கேட்டதற்கு அவர், "ஐயா, இது கடல் சூழ்ந்த நாடு. இங்க குறைஞ்சா வேற எங்கிருந்தும் நடந்து வந்து சேராது" என்றார். வரக்காப்பொலப் பக்கத்திலும் ஒரு நரி நோயுற்றிருப்பதாகத் தகவல் வந்தமையால் அவர் உடனே அங்கு புறப்பட்டார். புறப்படுமுன், பிராணி எது, எங்கே, எப்போது இறந்தது, அனுப்புபவர் யார் என்ற விபரங்களோடு ஒரு கடிதம் எழுதிப் பெட்டியின் மூடியில் ஒட்டும்படி என்னிடம் சொன்னார். பெட்டியைக் கொழும்பு ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோக அழகமுத்து சம்மதித்தார். நான் சிங்களம் நன்றாக எழுதுவேன், பேசத் தடுமாறுவேன். அவர் சரளமாகப் பேசுவார்.

மறுநாள் 13ஆந் திகதி, வியாழக்கிழமை, பௌர்ணமி நாளுக்குரிய போயா விடுமுறை. ஆகையால் பெட்டியை என் விடுதியில் வைத்து ஐஸ் மாற்றிக்கொண்டிருந்தேன். அன்று பிற்பகல் கடிதத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கையொப்பமிட்டு, அன்றைய திகதியையே இட்டு, பொலித்தீன் உறையில் போட்டு மூடியில் ஒட்டினேன்.

14ஆந் திகதி, வெள்ளிக்கிழமை, காலை 5.30 மணிக்கு, அழகமுத்துவோடு தோட்ட பஸ் தரிப்பிடத்துக்குப் போனேன். பஸ்ஸின் வெளிச்சம் வளைவில் தெரிந்தபோது கடிதத்தில் 13ஆந் திகதி இருப்பதைக் கவனித்தேன். போயா நாளில் திகதியிட்ட கடிதம் செல்லாது என்று சொல்லி அதை மூடியிலிருந்து உரித்தெடுத்தேன்.

அழகமுத்து, "கிளாக்கர் ஐயா, பஸ் வந்திருச்சுங்க. அது என்னைக்கு செத்துச்சுன்னு அந்த நரிக்கே தெரியாது. கொழும்புக்காரனுக்கா தெரியப்போகுது? குடுத்துருங்க" என்றார்.

நான், "பிழையான கடிதத்தோடு போனால் உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நீ முன்னால் போ. நான் புதிதாக எழுதிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் வருகிறேன். ஆய்வுகூட வாசலில் நில்" என்றேன்.

அவர், "பேனா இருக்குல்ல, மேலயே வெட்டி எழுதுங்களேன்" என்றார்.

வெட்டி எழுதிய கடிதத்தில் நான் கையொப்பமிடுவதில்லை என்றேன். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினார். நடத்துனர் பெட்டியில் என்ன என்று கேட்டதற்கு, "ஐயா வீட்டுக் கலியாணத்துக்கு ஐஸ்கிறீம்" என்று சிங்களத்தில் சொன்னார். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் அவரைக் காயமின்றிக் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

அதன் பின்னர் நான் விடுதிக்குத் திரும்பி, கடிதத்தை முழுமையாக மீண்டும் எழுதி, 14ஆந் திகதி இட்டு, அடுத்த பஸ்ஸில் புறப்பட்டேன். பெல்மதுளை பஸ் நிலையத்தில் கொழும்பு பஸ்ஸுக்கு மாறினேன். அங்கு பெருங்கூட்டம் நின்றமையால் அந்த பஸ் நகர முடியவில்லை. பக்கத்தில் இருந்தவர், பிக்பொக்கெட் ஒருவனைப் பிடித்து அடிக்கிறார்கள் என்றார். யன்னல் வழியே பார்த்தேன். தார் ரோட்டில் ஐஸ் கட்டிகள் சிதறிக் கிடந்தன. மீன் வியாபாரியின் பெட்டி கவிழ்ந்துவிட்டது என்று எண்ணினேன். ஆய்வுகூடத்தில் அழகமுத்து காத்திருப்பார் என்ற கவலையில், பஸ் தாமதமாவது குறித்து நடத்துனரிடம் முறைப்பாடு செய்தேன். சாரதி ஹோன் அடித்துக் கூட்டத்தை ஒதுக்கி பஸ்ஸை எடுத்தார்.

கொழும்பில் ஆய்வுகூட வாசலில் அழகமுத்து இல்லை. அவருடைய கைபேசி வேலை செய்யவில்லை. அலுவலகம் மூடும்வரை அங்கேயே நின்றேன். கருமபீடத்தில் இருந்த அலுவலர் என் கடிதத்தை வாங்கி வாசித்துவிட்டு, "கடிதம் எல்லாம் சரி ஐயா, தலை எங்கே?" என்று சிங்களத்தில் கேட்டார். அவர் திகதியைப் பார்க்கவில்லை. மேலேயிருந்து கீழே வந்த அவருடைய விரல் திகதியில் நிற்கவில்லை என்பதை நான் கவனித்தேன்.

அன்று இரவு திரும்பியபோது அழகமுத்துவின் மனைவி சுப்பம்மா லயத்து வாசலில் நின்றார். நடந்ததை அவரிடமிருந்துதான் அறிந்தேன். பெல்மதுளையில் கொழும்பு பஸ்ஸில் ஏறும்போது பெட்டியிலிருந்து இரத்தத் தண்ணீர் சொட்டியதாகவும், அங்கிருந்தவர்கள் அதைத் திறக்கச் சொன்னதாகவும், நரித்தலையைக் கண்டவுடன் நரிக்கொம்பு வியாபாரி என்று ஒருவன் கத்தியதாகவும் சொன்னார். நரித்தலையில் கொம்பு இருக்கும் என்றும், அதை வைத்திருப்பவனுக்கு வழக்கு வெல்லும் என்றும் நம்புகிறவர்கள் எங்கள் ஆட்களிலும் உண்டு, சிங்கள ஆட்களிலும் உண்டு. அழகமுத்து உண்மையைச் சொன்னார். அப்படியானால் கடிதம் எங்கே என்று கேட்டார்கள். ஐயா பின்னால் கொண்டு வருகிறார் என்றார். அதைக் கேட்டுச் சிரித்துவிட்டுத்தான் அடித்தார்கள். வலது கை மணிக்கட்டு முறிந்தது. அது அவர் வெட்டுக்கத்தி பிடிக்கும் கை.

இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு சுப்பம்மா, "ஐயாவோட கடுதாசி பத்திரமா இருக்குங்களா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.

கேள்வி: வெள்ளிக்கிழமை இரவே ஏன் பொலிசுக்கு வரவில்லை?

பதில்: சனிக்கிழமை காலை வந்தேன். அதற்குள் சந்தேக நபரை நீதவான் முன் ஆஜர்செய்யக் கொண்டுபோயிருந்தார்கள். நீதிமன்றத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது 28ஆந் திகதிவரை விளக்கமறியல் என்று உத்தரவாகியிருந்தது.

கேள்வி: அழகமுத்து நரிக்கொம்பு பற்றி உங்களிடம் எப்போதாவது பேசியதுண்டா?

பதில்: இல்லை. அந்தத் தலையில் கொம்பும் இருக்கவில்லை. பொலிசார் தலையைச் சான்றுப்பொருளாக முத்திரையிட்டு வைத்தது விதிப்படி சரியே. விதிப்படி வைத்த இடத்தில் ஐஸ் இருக்கவில்லை. அது இனிப் பரிசோதனைக்கு உதவாது என்று மருத்துவர் ஷாமிளா கூறினார்.

கேள்வி: பெட்டியோடு கடிதம் இல்லாமல் போனதற்கு யார் பொறுப்பு?

பதில்: நான். விடுமுறை நாளில் திகதியிட்ட கடிதங்களை முப்பத்தொன்பது வருடம் திருப்பி அனுப்பி வந்திருக்கிறேன். அவற்றைக் கொண்டு வந்தவர்கள் எவ்வளவு தூரத்திலிருந்து நடந்து வந்தார்கள் என்று ஒருவரிடமும் கேட்டதில்லை.

மேலும் கூற விரும்புவது: நேற்று 16ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை, காலையில், ஆண் நரி கானுக்குள் இறந்து கிடந்தது. அதன் வாயருகே கக்கிய நண்டு ஓடுகள் கிடந்தன. குழிக்குள் குட்டிகளின் சத்தம் இன்னும் கேட்கிறது. மூத்த குட்டி மட்டும் இரைக்குப் போய் வருகிறது. அது திரும்பும் வழி லயத்து நாய்கள் படுத்திருக்கும் இடத்தைத் தாண்டித்தான் இருக்கிறது. மருத்துவர் ஷாமிளா வந்து இரண்டாவது தலையை எடுத்து, பெட்டியிலிட்டு, என் விடுதியில் வைத்திருக்கிறார். அதைக் கொண்டுபோக தோட்டத்தில் ஒருவரும் முன்வரவில்லை. அவர்கள்மேல் எனக்குக் குறையில்லை. நாளைக் காலை முதலாவது பஸ்ஸில் நானே கொண்டுபோகிறேன். யாராவது பெட்டியைத் திறக்கச் சொன்னால், எனக்குத் தெரிந்த சிங்களத்தில் பதில் சொல்வேன்.

அழகமுத்து என் சொல்லுக்காகவே அப்பெட்டியைத் தூக்கினார் என்பதையும், கடிதமில்லாமல் போக அவர் விரும்பவில்லை என்பதையும் நீதிமன்றத்துக்கு அறிவித்து, அவரை விடுவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இதுவரை எழுதப்பட்டதை கான்ஸ்டபிள் ஹஸீப் எனக்கு உரக்க வாசித்துக் காட்டினார். இரண்டு இடங்களில் திகதியைத் திருத்தச் சொன்னேன், அவ்விடங்களில் வெட்டி எழுதப்பட்டுள்ளது. வெட்டி எழுதியதற்கு அருகிலும் கையொப்பமிட்டுள்ளேன். நான் சொன்னவை யாவும் எனக்குத் தெரிந்த உண்மை. யாருடைய வற்புறுத்தலும் இல்லை.

(ஒப்பம்) பெ. நாகலிங்கம்

இத்துடன் இணைத்திருப்பவை:

அ. மூடியிலிருந்து உரித்தெடுத்த கடிதம், 13.03.2025 திகதியிட்டது. பசைநாடா ஒட்டியபடியே உள்ளது.

ஆ. அதற்குப் பதிலாக எழுதிய கடிதம், 14.03.2025 திகதியிட்டது.

இ. பெண் நரியும் நான்கு குட்டிகளும் குழிவாயில் இருக்கும் கமெராப் படம் ஒன்று.

ஈ. இரண்டாவது பெட்டியின் மூடியில் ஏற்கனவே ஒட்டப்பட்டுவிட்ட கடிதத்தின் பிரதி. இதில் திகதி இடப்படவில்லை.