வேல்மயிலுக்குக் கை தட்டினோம்

இவ்வளவு நேரம் மார்க்கைப் பத்திப் பேசினோம்... ரேங்க்கைப் பத்திப் பேசினோம். போதும். ஒரு அஞ்சு நிமிஷம் என் பக்கம் திரும்புங்க, ஒரு சின்னக் கதை வெச்சிருக்கேன். இனிப்பான கதை இல்லை. பிள்ளைங்களை ஹாஸ்டல்ல விட்டுட்டு வந்திருக்கிற அம்மா அப்பா எல்லாம் கொஞ்சம் முன்னாடி வந்து உக்காருங்க.

எங்க தெருவுல வேல்மயில்னு ஒருத்தர். விருதுநகர் வெயில்லயே பொறந்து வளந்த மனுஷன், நாப்பத்திரெண்டு வயசு. மூணு வருஷமா அவருக்கு ஒரே ஆசை... மலை மேல வருஷாவருஷம் ஒரு போட்டி நடக்குது, அதை முடிச்சுக் காட்டணும். என்ன போட்டி? ஏரியில ரெண்டு கிலோமீட்டர் நீச்சல். கரை ஏறின ஈரத்தோட தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள். சைக்கிளைப் போட்டுட்டு இருபத்தோரு கிலோமீட்டர் ஓட்டம். எல்லாம் ஒரே நாள்ல, ஒரே மூச்சுல!

...தட்டுங்க, தட்டுங்க. நாங்களும் தட்டினோம். அதைத்தான் சொல்ல வந்தேன்.

அன்னிக்கு மலையில மழைன்னா மழை, அப்படி ஒரு மழை. தெருவுல இருந்து ஏழெட்டுப் பேர் வேன் பிடிச்சுப் போயிருந்தோம், அவர் சம்சாரம் வடிவும் கூட வந்திருந்துச்சு. நான் ஸ்வெட்டர், மப்ளர், மேல ஒரு கோட்டு, கையில குடை... அப்படியும் எனக்குப் பல்லு தந்தி அடிக்குது. அவரு? கையில்லாத பனியன், அரை டவுசர். ஏரியை விட்டு ஏறி வரும்போது உதடு நாவப்பழ நிறத்துல இருக்கு. "வேல்மயிலு, ஜாக்கெட்டைப் போட்டுட்டுப் போங்க!"ன்னு கத்துறேன். "ஒரு நிமிஷம் வீணாப் போயிரும் அண்ணாச்சி!"ன்னு சைக்கிள்ல ஏறிட்டாரு. ஒரு நிமிஷமாம்!

அந்தப் போட்டிக்காரங்ககிட்ட ஒரு வழக்கம் உண்டு. ரொம்ப நல்ல வழக்கம்! எவன் தள்ளாடினாலும் தாண்டிப் போறவன் சும்மா போக மாட்டான். "சூப்பர் ப்ரோ! செமையா போறீங்க! விட்றாதீங்க!" பதிலுக்கு இவன் கட்டை விரலைத் தூக்கிக் காட்டணும். அதுதான் மரியாதை.

சைக்கிளை முடிச்சு வேல்மயில் ஓட ஆரம்பிச்சாரு. நாங்க ஒரு வளைவுல காத்துக்கிட்டு நிக்கிறோம். வந்தாரு... ஓட்டமா அது? கால் ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். சைக்கிளை விட்டு இறங்கும்போது கிடுகிடுன்னு நடுங்கிட்டிருந்த ஆளு, இப்ப நடுக்கத்தையே காணோம். நாங்க என்ன நினைச்சோம்? "பரவாயில்லை, உடம்பு சூடாயிருச்சு"ன்னு நினைச்சோம்! நடுங்கறதுக்குக்கூடத் தெம்பில்லாம உடம்பு தோத்துப்போச்சுன்னு எங்களுக்கு எங்க தெரியும்? பின்னாடி டாக்டர் சொல்லித்தான் தெரியும்.

அந்த வளைவுல ஒரு போலீஸ்காரர் நின்னாரு. அந்த ஊர்க்காரர், குளிர் என்ன பண்ணும்னு தெரிஞ்ச மனுஷன். ஓடிவந்து தோளைப் பிடிச்சாரு. "சார், உங்க பேரு என்ன சார்?" வேல்மயில் வாயைத் திறக்கிறாரு... பேரு வரலை. நாக்கு குழறுது. "வாங்க சார், ஜீப்புல வந்து உக்காருங்க." அதுக்குள்ள பின்னாடி ஓடி வந்த ஒருத்தன் கத்துறான், "சார், தொடாதீங்க! வெளியாளு உதவி செஞ்சா அவரைப் போட்டியில இருந்தே தூக்கிருவாங்க!" உடனே நானும்... நானும்தான்யா... சேர்ந்து கத்தினேன். "விடுங்க சார், மூணு வருஷ உழைப்பு சார்!" போலீஸ்காரர் கையை எடுத்துட்டாரு.

வேல்மயில் சம்சாரத்துக்கிட்ட வந்து நின்னாரு. மெதுவாத்தான் சொன்னாரு. "வடிவு... முடியல."

அவரு மேல உசுரையே வெச்சிருந்த பொண்ணு அது. அது என்ன சொல்லிச்சு? "முடியும்ங்க! உங்களால முடியும்! இன்னும் ஆறே கிலோமீட்டர்தான்!" நாங்க எல்லாரும் கை தட்டினோம். அவரு எங்களை ஒரு பார்வை பாத்தாரு... கட்டை விரலைத் தூக்கிக் காட்டிட்டு மழைக்குள்ள போனாரு.

அதுக்கப்புறம் எத்தனை பேர் அவரைத் தாண்டிப் போயிருப்பாங்க? அம்பது பேர்? நூறு பேர்? எல்லாருமே சொன்னாங்களாம், "சூப்பர் ப்ரோ." ஒருத்தர் எங்ககிட்ட அழுதுட்டே சொன்னாரு: "ரோட்டோரமா உக்காந்திருந்தாரு சார். எந்திரிங்க ப்ரோன்னு சொன்னேன். விரலைத் தூக்கிக் காட்டினாரு, நானும் வந்துட்டேன்." சாயங்காலம், தேயிலைச் செடிக்கு நடுவுல கிடந்த உடம்பைத்தான் தூக்கிட்டு வந்தாங்க.

பத்து நாள் கழிச்சு இரங்கல் கூட்டம். போட்டி நடத்தினவங்க வந்து மைக்கைப் பிடிச்சாங்க. "கடைசி மூச்சு வரைக்கும் போராடின வீரர்!" முடிச்சவங்களுக்குக் கொடுக்கிற மெடலை வடிவு கையில கொடுத்தாங்க. மண்டபமே எந்திரிச்சுக் கை தட்டுச்சு. இன்னும் புத்தி வரலை பாருங்க எங்களுக்கு! வடிவு அந்த மெடலை மேஜை மேல வெச்சுட்டு, மைக்குல ஒண்ணே ஒண்ணு சொல்லிச்சு. "அவரு எங்கிட்ட போராடுறேன்னு சொல்லலை. முடியலன்னுதான் சொன்னாரு."

இப்ப உங்ககிட்ட வர்றேன். அந்த மலையில கெட்டவன்னு ஒருத்தன் இருந்தானா? ஒருத்தன்கூட இல்லை. எல்லாரும் அன்பானவங்க... அன்பாத்தான் கொன்னோம். முடியலன்னு ஒருத்தர் வாய் திறந்து சொல்றதுக்கு முன்னாடி அந்த வார்த்தையை எத்தனை தடவை முழுங்கியிருப்பாரு? அதைக் கேட்டதும் நாம என்ன பண்றோம்? திருத்துறோம்! "முடியும்னு சொல்லு"ங்கிறோம். தைரியம் கொடுக்கிறோமாம்! எனக்குச் சொல்லவே கூசுது... நம்ம வேலை மிச்சம், அதுக்குத்தான் அப்படிச் சொல்றோம். தட்டிக் கொடுக்க வாய் போதும். கூட்டிட்டு வர்றதுன்னா எந்திரிச்சுப் போகணும்ல?

வர்ற ஞாயித்துக்கிழமை ஹாஸ்டல்ல இருந்து போன் வரும். "அம்மா... முடியலம்மா"ன்னு ஒரு குரல் கேக்கும். பக்கத்து வீட்டுப் பையனைப் பாருன்னு சொல்லாதீங்க. இன்னும் ஆறு மாசம்தானேன்னு சொல்லாதீங்க. "சரிடா கண்ணு, நம்புறேன். அங்கேயே இரு"ன்னு மட்டும் சொல்லுங்க... சொல்லிட்டு, செருப்பை மாட்டிக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்புங்க.