ராக்கையா ஜீப்புச் சத்தம்

அதெல்லாம் முடியாதுப்பா. அடைச்ச ஓட்டைய நீயே திறந்து குடு. பிரேக்கு பாக்கத்தான வண்டிய விட்டோம்? பிரேக்கப் பாத்தமா, கிரீசு அடிச்சமான்னு அனுப்பாம, கீழ பூந்து சைலன்சர் குழாய்ல வெல்டிங் வச்சிருக்க. மேல தோட்டத்துக்காரன் வந்து சொன்னான்னா அடைச்சிருவியா? அவன் வண்டியா இது? ராக்கையா ஜீப்புன்னு போடி ஊரு பூராம் தெரியும். ராக்கையா பொண்டாட்டி இந்த வேலுத்தாயி எப்பேர்ப்பட்டவன்னு அதுக்கு மேல தெரியும். கேட்டுட்டுல்ல கை வச்சிருக்கணும் சீனிச்சாமி?

அவருகிட்டக் கேட்டியா? தலைய ஆட்டுனாராக்கும். நல்லாருக்கு. அந்த மனுசன் எதுக்குத்தான் தலைய ஆட்டல. இந்த ஜீப்புல ஒரு ஆணிய மாத்துறதுன்னாலும் இனிமே எங்கிட்டக் கேளு.

எதுக்கு மெதுவாப் பேசணும்? அந்தா டயரு மேல உக்காந்து ரோட்டப் பாத்துக்கிட்டிருக்காருல்ல, நல்லாக் கேக்கட்டும். பிரேக்கு பாக்க விட்ட எடத்துல என்ன நடக்குதுன்னு எந்திரிச்சு வந்து பாக்கத் துப்பில்ல. கட்டுன நாள்லருந்து இப்படித்தான். ஒண்ணொண்ணுக்கும் நான்தான் ஓடித் திரியணும்.

சிரிக்காத. வயசுப் பயலுக சத்தம் வரணும்னு பந்தாவுக்கு வைக்கிற ஓட்டைன்னு எனக்கும் தெரியும். காதோரம் நரைச்ச ஆளுக்கு எதுக்குன்னுதான கேக்குற? மேல அந்தத் தோட்டத்துக்கார சேட்டனும் இதத்தான் கேட்டான். பங்களா வாசல்ல நின்னுக்கிட்டு, எந்தா இத்தர ஒச்ச, எதுக்கு இம்புட்டுச் சத்தம்னு மலையாளத்துல கத்துனான். ஒன் சோலியப் பாருய்யான்னு நான் தமிழ்ல கத்துனேன். அந்த ரோசத்துலதான் ஒங்கிட்ட வந்து அடைக்கச் சொல்லியிருக்கான். நீயும் அடைச்சிட்ட.

இழுவைக்குத்தாம்பா. தோட்டத்து வேலைக்கு அம்புட்டுப் பொம்பளைகள ஏத்திக்கிட்டு மலை ஏறுறப்ப முக்குதுல்ல, அதுக்கு. என்னது, இழுவையெல்லாம் ஏறாதா? பெட்ரோலுதான் கூடக் குடிக்குமா? குடிக்கட்டும். ஒன் பெட்ரோலா?

நான் மூணாப்போட நின்னவதான். ஆனா இந்தக் கருமத்துல மட்டும் எனக்குத் தெரியாதது இல்ல. சைலன்சருக்கு முன்னாடி குழாய்ல ஒரு ஓட்டை. அதுக்கு ஒரு தட்டு. கம்பிய இழுத்தா தட்டு திறந்து புகை நேரா வெளிய போகும், ரெண்டு வளைவுக்கு அங்கிட்டு இருக்கவனுக்கும் கேக்கும். விட்டா மூடிக்கிரும், ஊருக்குள்ள பூனை மாதிரி போகலாம். தேனியில வச்சுக் குடுத்தவன் இப்படித்தான் சொன்னான். சொன்னானே தவிர, வச்சது சைக்கிள் பிரேக்குக் கம்பி. அது எத்தன நாளைக்குத் தாங்கும்? சூட்டுல வெந்து, சேறு அப்பி, இழுத்தா வர மாட்டேங்குது. வந்தா போக மாட்டேங்குது.

அதுனாலதான் சொல்றேன், கம்பி எனக்கு வேணாம். லாரிக்கு வைப்பர் மோட்டார் இருக்குல்ல, அத வச்சு கரண்டுல திறக்குற மாதிரி சின்னமனூர்ல ஒருத்தன் செய்யிறானாம். சுவிச்சத் தட்டுனா திறக்கணும், தட்டுனா மூடணும். முந்தல் செக்போஸ்டுல போலீசு நின்னா வெரசா மூடிக்கிறலாம். ஒனக்குச் செய்யத் தெரியாதுன்னா இப்பவே சொல்லு, வண்டிய அங்க கொண்டுபோறேன்.

தெரியுமா? அப்பச் செய்யி. மோட்டார குழாய்க்கு ஒட்டி வச்சிராத, உருகிப் போகும். தள்ளி வையி, மேல தகரம் போட்டு மூடு. இன்னொண்ணு, பழுதாச்சுன்னா திறந்தபடி நிக்கணும். மூடிக்கிட்டு நிக்கக்கூடாது. ஆமாப்பா, எல்லாரும் மூடித்தான் கேப்பாங்க. எனக்குத் திறந்துதான் நிக்கணும்.

என்ன நடந்துச்சா? நடக்கப்போயிதான் சொல்றேன். போன செவ்வாக்கெழம மழை விட்டு மஞ்சு எறங்கி ரோடே மறைஞ்சிருச்சு. கொண்டையூசி வளைவுக்குப் போறோம், கம்பிய இழுக்குறேன், தட்டு திறக்க மாட்டேங்குது. மேலருந்து மரம் ஏத்துன லாரிக்காரன் ஒருத்தன் வர்றான். ஆரன் மேல ஆரன் அடிக்கிறான். இந்தாளு நடு ரோட்டுல போறாரு. நான் போட்ட சத்தத்துல பின்னால இருந்த பொம்பளைக அம்புட்டும் எந்திரிச்சிட்டாளுக. ஸ்டியரிங்க நான்தான் எட்டிப் புடிச்சு இழுத்தேன். பாறையில ஒரசி நின்னுச்சு. கீழ பாத்தா மேகந்தான் தெரியுது. லாரிக்காரன் எறங்கி வந்து இவரு சட்டையப் புடிச்சிட்டான். இவரு அவன் வாயவே பாத்துக்கிட்டு நிக்கிறாரு.

திமிராமா? ஊரே அப்படித்தான் சொல்லுது, ராக்கையா மலையில எவனுக்கும் வழி விட மாட்டான்னு. சொல்லிட்டுப் போறாங்க. திமிரு புடிச்சவன்னு பேரு இருந்தா நல்லதுதான்.

நான் நெதம் முன்சீட்டுல ஏறுறதுக்கும் ஒரு கதை வச்சிருப்பியே. மேல பூப்பாறையில ஒருத்திய வச்சிருக்காரு, வேலுத்தாயி காவலுக்குப் போறான்னு. கேட்டிருக்கியா? கேட்டிருக்கேன்னு மூஞ்சியே சொல்லுது. இந்தக் கதைய யாரு கெளப்பிவிட்டதுன்னு நெனைக்கிற? நாந்தான். தோட்டத்துக்கு வர்ற மாயக்காகிட்ட ஒரு நாள் கண்ணக் கசக்கிக்கிட்டுச் சொன்னேன். பொழுது சாயிறதுக்குள்ள போடி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிருச்சு. பாவம், அந்த மனுசன் அடுத்தவ மூஞ்ச ஏறெடுத்துப் பாத்ததில்ல.

எதுக்கா? பக்கத்துல உக்கார எனக்கும் ஒரு காரணம் வேணும்லப்பா.

இரு, அவரக் கேட்டுக்கிறேன்னு எங்க எந்திரிக்கிற? சரி, இங்கருந்தே கூப்புடு. இன்னும் சத்தமாக் கூப்புடு. பட்டறைக்கு வெளிய போறவன் வரைக்கும் திரும்பிப் பாக்குறான், அவரு திரும்புறாரா?

போன ஐப்பசியில காச்சல்ல கெடந்தாருல்ல, அதுல போனது. ரெண்டு காதும்தான். மதுரைக்குக் கூட்டிட்டுப் போயிக் காட்டியாச்சு. ஒண்ணும் செய்யிறதுக்கு இல்லைன்னுட்டாங்க. நான் ஆரன் சத்தம் கேட்டா தொடையில தட்டுவேன், அவரு ஒதுக்குவாரு. நல்லாத்தான் ஓடிக்கிட்டிருந்துச்சு. மஞ்சு எறங்குனா எனக்கே எந்தப் பக்கம் ஆரன் அடிக்கிறான்னு தெகையல.

அப்படிப் பாக்காத. பின்னால உக்காந்திருக்கவளுகளும் பிள்ளகுட்டிக்காரிகதான்னு எனக்கும் தெரியும். மாயக்கா மக மாசமா இருக்கா, அவளும் அதுலதான் வர்றா. ஏறயில அவ வயித்தப் பாத்துட்டு நான் முன்னால திரும்பிக்கிருவேன். வண்டிய நிறுத்திப் போட்டுட்டு அவர வீட்டுல உக்காத்தி வையின்னு வாயெடுக்குற. ரெண்டு நாளு உக்காந்தாரு. மூணாவது நாளு விடியமுன்ன எந்திரிச்சு வண்டிய தொடைச்சுக்கிட்டு நிக்கிறாரு. அந்த ஆளுகிட்ட வேண்டாம்னு எப்படிச் சொல்றது? கத்திச் சொன்னாலும் கேக்காது.

வெளிய சொல்லணும்னா நான் போனதுக்கப்புறம் சொல்லிக்க. இப்பச் சுவிச்ச வையி. டிரைவர் பக்கம் வேணாம், எடது பக்கம், எங்கை எட்டுற மாதிரி. நமக்குத்தான் எதிர்ல வர்றவன் சத்தம் கேக்கல, அவனுக்காவது நாம வர்றது கேக்கட்டும்.