அம்புறோஸ் அண்ணையின் ரீமர்களுக்குக் கிடைக்காத ஆசீர்

மதிப்புக்குரிய பங்குத்தந்தை அவர்களே, சங்கத் தலைவர் சவிரிமுத்து அவர்களே, துணைவர் அம்புறோஸ் அண்ணையை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பிலோமினம்மா அக்கா அவர்களே, மொன்ட்ரியால்-நோரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர்களே, கர்க்லாண்டிலிருந்து காரில் புறப்பட்டு அவர்களுக்கும் பிந்தி வந்தவர்களே, வணக்கம்.

முதலில் என் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கடையில் கிரிக்கெட் மட்டை விற்பதில்லை. ஒருநாளும் விற்றதில்லை. புவாண்ட்-கிளேரில் விளையாட்டுச் சாமான் கடையில் வேலை என்று சொல்லிக்கொண்டு, கழிவு விலையில் மட்டை கேட்டவர்களுக்கெல்லாம் "ஸ்டொக் முடிஞ்சுது, பேந்து பாப்பம்" என்று கதைவிட்ட தேவதாசன் நான்தான். அது வேட்டைத் துவக்குக் கடை; துப்பாக்கிதான் அங்கே சாமான். முன்பக்கத்தில் சாமான் வரவழைப்பவன் நான். பின்பக்கத்தில் துவக்குக் குழல் பொருத்தியவர் அமரர் அம்புறோஸ் அண்ணை.

இன்றைய இரங்கல் அறிவித்தலில் அவரை "இயந்திரத் துறை வல்லுநர்" என்று போட்டோம். எந்த இயந்திரம்? உடுப்புத் தோய்க்கிற இயந்திரமா? நேற்று பிலோமினம்மா அக்கா என்னிடம் கேட்டது ஒன்றுதான். "தம்பி, அவர் என்ன வேலை செய்தவர் எண்டு ஒருக்கா எல்லாருக்கும் முன்னால சொல்லிவிடுமன். எங்கட ஆக்கள் அவரைக் களவெடுத்த சாமான் மாதிரி மூடி வைச்சிட்டினம்."

சொல்கிறேன். துவக்குக் குழலின் பின்பக்கத்தில் தோட்டா போய் உட்கார ஓர் அறை வேண்டும். அந்த அறையைக் கடைந்தெடுக்கும் உருக்குக் கருவிதான் ரீமர். எந்தக் குழலுக்கு எந்த ரீமர் என்று தெரிந்தெடுப்பதில் அண்ணை மன்னன். அந்தத் தலைக்கனமும் அவருக்கு நிறையவே இருந்தது. மூஸ் என்ற பெரிய காட்டுமானை வேட்டையாடும் லூக்கின் குழலுக்கென்று ஒருமுறை நான் ஒரு ரீமர் வரவழைத்தேன். சூட்டுப் போட்டிக்காரருக்கானது, இறுக்கமானது, விலை கூடியது. விலை கூடினால் நல்லது என்பது என் கொள்கை. என் சப்பாத்தையும் அப்படித்தான் வாங்கி, இப்போது உங்கள் முன் நொண்டிக்கொண்டு நிற்கிறேன்.

"லூக் தோட்டா எங்க வாங்குறவன்?" என்றார் அண்ணை.

"எனக்கென்னண்டு தெரியும்?"

"கேட்டனீரோ?"

"இல்லை, அண்ணை."

"காட்டுக்குப் போற வழியில எந்தக் கடை திறந்திருக்கோ அங்க வாங்குவான். சேத்துக் கையால போடுவான். இந்த இறுக்கத்துக்குள்ள அது பாதியில நிக்கும். மூஸ் நிண்டு பாத்துச் சிரிச்சிட்டுப் போகும். இதைக் கொண்டுபோய் உம்மட கிரிக்கெட் மட்டையளோட வையும்."

பொது அளவு ரீமரைத்தான் எடுத்தார். அதோடு விட்டாரா? ரீமரின் மூக்கு குழலுக்குள் நேராகப் போக, அதில் ஒரு சின்ன வளையம் மாட்ட வேண்டும். பெட்டியிலிருந்த வளையங்களை ஒவ்வொன்றாகப் போட்டு விரலால் சுழற்றிப் பார்த்தார். ஆடினால் அறை கோணும், இறுகினால் குழல் கீறுப்படும். எனக்குப் பசி வந்துவிட்டது. அவர் அசையவில்லை. பனிக்காலம் தொடங்க லூக் ஒரு மூஸ் தொடை இறைச்சியோடு வந்து "மெர்சி, முசியு அம்புறோஸ்" என்று நன்றி சொன்னார். டிசம்பரில் நத்தார் விருந்தில் நீங்கள் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிய கறி அதுதான். மாடு என்று சொன்னதும் நான்தான்.

இனிச் சொல்லப்போவதுதான் என் தலையைக் குனியவைப்பது. மே முதலாம் திகதி, தொழிலாளரான புனித சூசையப்பர் திருநாளுக்கு நாங்கள் வேலைக் கருவிகளைக் கோவிலுக்குக் கொண்டுவந்து ஆசீர்வாதம் பெறுகிறோம். டாக்சிச் சாவி வரும், கத்தரிக்கோல் வரும், சமையல் கத்தியும் வரும். ஒரு வருடம் அண்ணை தன் ரீமர்களை எண்ணெய்த் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். ஊரில் சண்டை நடந்த காலம் அது; தமிழர், துவக்கு என்ற இரண்டு சொல்லும் ஒரே வசனத்தில் வந்தால் பயங்கரவாதி என்று நினைத்துவிடுவார்கள். சங்கம் அவரோடு கதைக்க என்னை அனுப்பியது.

"அண்ணை, ஆக்கள் பயப்பிடுகினம்."

"இதால சுடேலாது, தேவதாசன். கடையத்தான் ஏலும்."

"பல்லு வைத்தியச் சாமான் எண்டு சொல்லட்டோ?"

அவர் துணியை விரித்து ரீமர்களை வரிசையாக அடுக்கினார். நான் ஒலிவாங்கியில் அப்படியே சொல்லிவிட்டேன். நம் தலைவர் சவிரிமுத்து உடனே வந்து வாயைத் திறந்து கடைவாய்ப் பல்லைக் காட்டினார். அண்ணை எட்டிப் பார்த்து, "இதுக்கு என்னட்டை அளவில்லை" என்றார். எல்லோரும் சிரித்தோம். தீர்த்தம் தெளித்துக்கொண்டு பாதர் அந்த வரிசைக்கு வருமுன் அவர் துணியைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார். யாராவது பின்னால் போனோமா? நான் போனேனா? லூக்கைப் பற்றி அவர் என்னிடம் கேட்டதுபோல, அவரைப் பற்றி நாங்கள் ஒரு கேள்வியாவது கேட்டோமா?

அம்புறோஸ் அண்ணை துவக்குக் குழல் பொருத்தியவர். பிலோமினம்மா அக்கா, சொல்லிவிட்டேன். வருகிற மே மாதம் அந்த ரீமர்கள் பீடத்துக்கு முன்னால் இருக்கும். நானே தூக்கி வருவேன். என்ன சாமான் என்று கேட்பவர்களுக்கு உள்ளதைச் சொல்வேன். இது என் வாக்கு. உங்கள் வாக்காகவும் இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் சொல்லி இறங்குகிறேன். இன்று காலை ஊரில், பேசாலையிலிருந்து அண்ணையின் தாயார் தொலைபேசி எடுத்தார். அக்கா அழுதுகொண்டிருந்ததால் நான் கதைத்தேன். "தம்பி," என்றார் அந்தத் தாய், "என்ர மோன்ர தையல் மெசின் கடையை இனி ஆர் பாக்கிறது?"