செருப்பில் ஒட்டிய சாணி

சந்திரவல்லி: ஒங்க வயித்து வலிக்குக் காரணம் மொச்சை இல்ல மாமா. அதை நிப்பாட்டித்தான் பாத்தாச்சே!

திருப்பதி: அப்ப அந்த ரேசன் பாமாயிலு...

சந்திரவல்லி: அதையும் விட்டுட்டு நல்லெண்ணெயில தாளிச்சேன். அன்னைக்கும் போடிமெட்டு ஏறுறதுக்குள்ள ஜீப்ப ஓரங்கட்டிட்டுப் பொதருக்குள்ள ஓடுனீங்க. இல்லையா?

திருப்பதி: ஏ... மெல்லப் பேசு புள்ள. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்.

சந்திரவல்லி: கேக்க என்ன இருக்கு? ஏலக்காட்டுச் சோலிக்குப் போற பொம்பளைக அம்புட்டுப் பேரும் ஜீப்புல உக்காந்து பாத்துக்கிட்டுத்தான இருந்தாளுக. அன்னக்கொடி வந்து எங்கிட்டயே சொல்லிச் சிரிக்கிறா.

திருப்பதி: அவ சிரிக்கட்டும். மொதலாளி சிரிக்க மாட்டேங்குறாரே. இன்னொரு தடவ நடுவழியில நிப்பாட்டுனா சாவிய மாத்து டிரைவர் சுருளிகிட்டக் குடுத்துருன்னுட்டாரு.

சந்திரவல்லி: ...எப்பச் சொன்னாரு?

திருப்பதி: போன வாரம்.

சந்திரவல்லி: போன வாரமா! இப்பத்தான் வாயத் தொறக்குறீங்க!

திருப்பதி: சொன்னா நீயும் சோறு திங்க மாட்டே. ஜீப்பு போச்சுன்னா எனக்கு வேற என்ன தொழிலு தெரியும்? அந்த ரோட்டைத்தான் சொல்லணும். வளைவுல வண்டி திரும்புறப்ப எங்குடலும் சேந்து திரும்புது.

சந்திரவல்லி: எறங்கும்போதும் அதே வளைவுதான? அப்ப ஏன் வலிக்கல?

திருப்பதி: ...ஆமால்ல!

சந்திரவல்லி: பாசஞ்சர்ல மதுரைக்குப் போனோமே, அந்த டாக்டரு என்ன சொன்னாரு? குடல்ல புண்ணு கிண்ணு இல்ல, ஆளாளுக்கு ஒத்துக்காதது வேற வேற, ஒனக்கு எதுன்னு நீதாம்ப்பா கவனிக்கணும்னாரு. கவனிச்சீங்களா?

திருப்பதி: அதான் நீ கவனிக்கிறியே. கட்டுன பொண்டாட்டியா போலீசான்னே தெரியல.

சந்திரவல்லி: ஞாயித்துக்கெழமை மட்டும் ஒண்ணும் செய்யல. அன்னைக்குத்தான் கறிக்கொழம்ப ஒரு பிடி பிடிக்கிறீங்க. ஆனாலும் ஆளு கல்லு மாதிரி இருக்கீங்க. அது ஏன்?

திருப்பதி: அன்னைக்கு ஜீப்புக்கு லீவு...

சந்திரவல்லி: லீவுன்னா வீட்டத் தாண்டுறதில்ல. மத்த நாளு வெளிய என்ன சாப்பிடுறீங்க?

திருப்பதி: ஒண்ணுமில்ல புள்ள. மெட்டுல சேட்டன் கடையில ஒரு கட்டஞ்சாயா. அதுவும் வலி அடங்குன பெறகு.

சந்திரவல்லி: அது பாலில்லாத டீத்தண்ணி. நம்ம வீட்லயும் வரக்காப்பிதான்... வேற எங்கயாச்சும் பாலு கீலு?

திருப்பதி: பாலா?... நான் எங்க போவேன் பாலுக்கு... ரசத்த ஊத்து வெரசா.

சந்திரவல்லி: மொகத்த இங்கிட்டுக் காட்டுங்க.

திருப்பதி: ரசம்னேன்.

சந்திரவல்லி: ஒங்க செருப்புல சாணி ஒட்டியிருக்கு மாமா.

திருப்பதி: என்னது?

சந்திரவல்லி: தெனமும் ஒட்டுது. ஞாயித்துக்கெழமை ஒட்டல. நம்மகிட்ட மாடும் இல்ல.

திருப்பதி: ரோட்டுல மாடு போகாதாக்கும்?

சந்திரவல்லி: இது ரோட்டுச் சாணி இல்ல. வைக்கோல் கூளமும் மூத்தரமும் சேந்து மிதிபட்ட தொழுவத்துச் சாணி. ...ஒங்க ஆத்தா வீட்டுத் தொழுவமா?

திருப்பதி: வல்லி... கோவிச்சுக்காத.

சந்திரவல்லி: சொல்லுங்க.

திருப்பதி: ஜீப்ப எடுக்க அந்தத் தெரு வழியாத்தான போகணும். ஆத்தா எருமையக் கறந்துட்டுச் செம்போட நிக்கும். 'குடிச்சிட்டுப் போப்பா'ன்னு நீட்டும். காதுகுத்துல நீங்க ரெண்டு பேரும் முறுக்கிக்கிட்டதுல இருந்து, அந்த வீட்டுப் பச்சத்தண்ணிகூடத் தொடக் கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டே. பெத்தவ நீட்டுனத வேணாம்னு தள்ளிட்டுப் போனா நான் மனுசனா?

சந்திரவல்லி: அப்ப சத்தியம்?

திருப்பதி: மீறிட்டேன். ஆனா எங்காத்தா குடுத்ததுல கொற சொல்லாத. சத்தியமா அது காரணமில்ல!

சந்திரவல்லி: இன்னொரு சத்தியமா?

திருப்பதி: அட, கேளேன்! நேத்தும் குடிச்சேன், இன்னைக்கும் குடிச்சேன். ரெண்டு நாளும் மெட்டு வரைக்கும் ஒரே மூச்சுல ஓட்டுனேன். வயிறு முணுக்குங்கல!

சந்திரவல்லி: நெசமாவா? ரெண்டு நாளுமா?

திருப்பதி: வேணும்னா அன்னக்கொடியவே கேளு!

சந்திரவல்லி: குடிச்சது பாலுதானா?

திருப்பதி: பாலுதா... இல்ல, நேத்து மோரு. இஞ்சி தட்டிப் போட்டிருந்துச்சு. பாலு திரிஞ்சு போச்சாம்.

சந்திரவல்லி: இன்னைக்கு?

திருப்பதி: இன்னைக்கும் மோருதான். இன்னைக்கும் பாலு திரிஞ்சு... ஏ! அதென்ன தெனமுமா திரியும்?

சந்திரவல்லி: திரியாது.

திருப்பதி: அப்ப... பாலு எனக்கு ஆகாதுன்னு ஆத்தாவுக்கு யாரு சொன்னா? அது வீட்டுப் பக்கம் யாரு போனா?... ஏ புள்ள, எந்திரிச்சு எங்க கெளம்புற? ரசம்?

சந்திரவல்லி: நீங்களே ஊத்திக்கங்க. ரெண்டு நாளும் வலிக்கலையாம்னு ஒரு எட்டுப் போய் அத்தைகிட்டச் சொல்லிட்டு வந்துர்றேன். முந்தாநாளு நான் போய் வாசல்ல நின்னு விசயத்தச் சொன்னப்ப, 'எங்கையால குடுத்த பாலா எம்மகன வதைச்சுச்சு'ன்னு எங்கையப் புடிச்சுக்கிட்டு அழுதுச்சு. பாவம்... நான் போய்ச் சேதி சொல்ற வரைக்கும் அது சோத்துல கை வைக்காது.