மேல் வீட்டுத் தெதெஸ்கா

குகனேஸ்வரி: மெல்ல… மெல்லப் பிடி புனிதம். அந்தத் தோள் அவவுக்கு நோகும்.

புனிதமலர்: அக்கா… இனி நோகாதக்கா.

குகனேஸ்வரி: …ஓம் என்ன. அஞ்சு வருசமா இப்பிடிச் சொல்லிச் சொல்லித்தான் சட்டை போட்டுவிட்டனான். வாய் தன்ரை பாட்டிலை சொல்லுது.

புனிதமலர்: கை விறைக்கத் துவங்கீட்டுது. கெதியாப் போடவேணும். இந்த நீலத்தையே போடுறது?

குகனேஸ்வரி: கண் தெரிஞ்ச காலத்திலை அவவே எடுத்து வைச்சது. அது கிடக்கட்டும்… கீழை உன்ரை எசமானி கொன்செத்தா என்ன சொன்னவ?

புனிதமலர்: மற்றக் கையைத் தாங்கோ.

குகனேஸ்வரி: புனிதம்.

புனிதமலர்: கோப்பி குடிச்சுக்கொண்டு இருந்தவ. “மேலை சிஞ்ஞோரா எல்ஃப்ரீட காலமை செத்துப்போனா” எண்டன். “ஆர்?” எண்டு கேட்டா.

குகனேஸ்வரி: ஆரோ! சொந்தத் தம்பியின்ரை பெண்சாதி!

புனிதமலர்: பிறகு, “தெதெஸ்கா” எண்டன். “ஆ… அந்த ஜேர்மன்காறியோ” எண்டா.

குகனேஸ்வரி: நாப்பத்தேழு வருசம். ஒரே வாசல், ஒரே படி. இத்தாலிப் பாஸ்போட்டும் எடுத்து, நித்திரையிலை பினாத்துறதும் இவையின்ரை பாசையிலைதான். எண்டாலும் தெதெஸ்கா.

புனிதமலர்: பாண்கடைக்காறனும் அப்பிடித்தான். அவவின்ரை பேர் என்னெண்டு என்னட்டைத்தான் கேக்கிறான்.

குகனேஸ்வரி: செத்தாப் பிறகு கேக்கிறான்.

புனிதமலர்: ஆனா அக்கா… கீழை உள்ளவவுக்கும் கோவம் இருக்கும்தானே. மூத்த தமையன் பியேத்ரோவை யுத்தத்திலை ஜேர்மன் ஆமி வரிசையிலை நிப்பாட்டிச் சுட்டது. இண்டைக்கும் அந்தப் படத்துக்கு முன்னாலை மெழுகுதிரி எரியுது. நான்தான் மாத்திறன்.

குகனேஸ்வரி: சுட்டது இவவே? இவ ஜேர்மனியிலை உருளைக்கிழங்கு கிண்டிக்கொண்டு நிண்டவ. இளையவர் நீனோ அங்கை சிறைக்கைதி. அந்த மனுசனுக்குப் பாண் ஒளிச்சுக் குடுத்து, அதுக்காக அடியும் வாங்கினவ. அவரைக் கட்டி, நாப்பத்தெட்டாம் ஆண்டு இஞ்சை வந்து இறங்கினா… மாமிக்காறி முதல் நாளே தட்டை வேறையா வைச்சவவாம்.

புனிதமலர்: எங்கடை ஊரிலை சில சனத்துக்குச் சிரட்டை வைச்ச மாதிரி. நான் உங்களைச் சொல்லேல்லை அக்கா.

குகனேஸ்வரி: சொன்னாலும் பிழையில்லை. எங்கடை வீட்டிலையும் வைச்சதுதான்… அந்தச் சீப்பை எடு.

புனிதமலர்: தலைமயிர் எவ்வளவு மெத்தெண்டு இருக்குது.

குகனேஸ்வரி: பொம்பிளைப் பிள்ளை ஒண்டு பிறந்து பதினொரு நாளிலை செத்துப்போச்சு. இந்தத் தெருப் பெண்டுகள் யன்னலுக்குக் கீழை நிண்டு, “பியேத்ரோவின்ரை பழி தீந்துது” எண்டு கதைச்சவையாம். அவவுக்கு அப்ப பாசை அரைகுறை. எண்டாலும் அது விளங்கினதாம்.

புனிதமலர்: ஐயோ மாதாவே…

குகனேஸ்வரி: அந்தப் பிள்ளையும் நீனோவும் குடும்பக் கல்லறைக்குள்ளை. திறப்புக் கீழை கொன்செத்தாவிட்டை. இவ கேட்டது அதுக்குள்ளை ஒரு இடம், வேறை ஒண்டும் இல்லை. சொல்லு புனிதம். தருவாவோ, மாட்டாவோ?

புனிதமலர்: …மாட்டாவாம்.

குகனேஸ்வரி: என்ன சொன்னவ? அப்பிடியே சொல்லு.

புனிதமலர்: “என்ரை அண்ணன்ரை உடம்பும் வரேல்லை. அந்தக் கல்லிலை பேர் மட்டும்தான் இருக்கு. அந்தப் பேருக்குக் கீழை ஜேர்மன்காறியைப் படுக்க விட்டிட்டு நான் எப்பிடிக் கண்ணை மூடுறது?” எண்டா. கத்தியிருந்தா நான் திருப்பிக் கதைச்சிருப்பன்… அவ அழுதவ அக்கா.

குகனேஸ்வரி: அழட்டும். …நான் போய்க் கேக்கட்டே?

புனிதமலர்: வேண்டாம். வேலைக்காறி வந்து கேக்கிறாள் எண்டு கதவைச் சாத்துவா.

குகனேஸ்வரி: அப்ப நகரசபை குடுக்கிற மண்ணுக்குள்ளைதான். பிள்ளை ஒரு கரை, தாய் ஒரு கரை.

புனிதமலர்: என்ரை மனுசன் கிறிகோரி நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வாறனெண்டவர். தூக்க ஆள் இருக்கு.

குகனேஸ்வரி: ஓம். தமிழாக்கள் தூக்குவம். இந்தத் தெருவிலை ஒரு யன்னல் திறக்காது, பார்.

புனிதமலர்: அக்கா… ஒண்டை நினைச்சு ஆறுதல்படுங்கோ. கொன்செத்தா வந்து பாத்தவ எண்ட நினைப்போடையாவது கண்ணை மூடினா.

குகனேஸ்வரி: …ஓம். போன புதன். நான் பல்லரோச் சந்தைக்கு மீன் வாங்கப் போன நேரம் வந்தவவாம்.

புனிதமலர்: உங்களிட்டைச் சொன்னவவோ? சந்தோசமா இருந்தவவோ?

குகனேஸ்வரி: அண்டைக்குத்தான் ஒரு கோப்பை சூப் முழுக்கக் குடிச்சவ.

புனிதமலர்: அக்கா…

குகனேஸ்வரி: என்ன?

புனிதமலர்: அது… கொன்செத்தா இல்லை. நான்தான். தேசிக்காய் குடுக்க வந்தனான். அவவுக்குத்தான் கண் தெரியாதே. காலடிச் சத்தம் கேட்டிட்டு, “கொன்செத்தா?” எண்டா. அந்தக் குரலுக்கு இல்லையெண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை அக்கா. “சி” எண்டன், ஓமெண்டு. அந்த ஒரு சொல்லுத்தான். கையைப் பிடிச்சுக்கொண்டு, பியேத்ரோவுக்காக மன்னிப்புக் கேட்டா… செய்யாத குற்றத்துக்கு! நான் தலையைத் தடவிக்கொண்டு பேசாமல் இருந்தன். சாகப்போற சீவனை ஏமாத்திப்போட்டன். பாவசங்கீர்த்தனத்திலையும் சொல்லேல்லை.

குகனேஸ்வரி: அழாதை. உன்ரை கண்ணீர் அவவின்ரை முகத்திலை விழுது… ஏமாந்தாத்தானே ஏமாத்தினது. நான் மீனோடை வாசலுக்குள்ளை காலை வைக்கவே சொல்லிப்போட்டா: “வந்தது கீழ் வீட்டுத் தமிழ்ப் பிள்ளை. கையெல்லாம் நிலம் கழுவுற மருந்து மணம். கொன்செத்தா வரமாட்டாள் எண்டு எனக்கு எப்பவோ தெரியும்… அதை அந்தப் பிள்ளைக்குச் சொல்லிப்போடாதை.”