வீட்டுக்குக் கொண்டுபோன போர்க்கப்பல்

மோர்னிங்சைட் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு தமிழ்ப் பெண்கள் இருந்தார்கள். மூத்தவள் முதியோர் இல்லத்தில் தான் பராமரிக்கும் ஜப்பானியக் கிழவரைப் பற்றிச் சொன்னாள்.

"உலக யுத்தத்தில ஆமியில இருந்தவர். சண்டை முடிய, கப்பலில பிளேன் நிப்பாட்டுற தட்டில படுத்துத்தானாம் ஊருக்குப் போனவர். ஹோஷோ எண்டு சின்ன விமானந்தாங்கிக் கப்பல். பிளேன் இறங்க மேல்தட்டை நீட்டினதால ஆழக்கடலுக்குத் தாங்காதாம். அதால பிறகு சண்டைக்குப் போகாமல் தப்பி, கடைசியில தோத்த ஆமிக்காரரை ஊருக்கு ஏத்தி வந்ததாம். பிறகு இரும்புக்கு உடைச்சிட்டாங்களாம்."

"வீட்டில ஆர் இருந்ததாம்?"

"ஒருத்தரும் இல்லை. குண்டு விழுந்து வீடே இல்லையாம்."

இளையவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சண்டையால தரைப்பாதை பூட்டினதில, அம்மா திருகோணமலையில யாழ்ப்பாணக் கப்பலுக்குக் காத்திருக்கிறா, அக்கா. வீட்டுக் கதவைப் பூட்டின திறப்பு பத்திரமா இருக்காம்."

"வீடு உடைஞ்சதை நீ இன்னும் சொல்லேல்லையோ?"

"இல்லை. கப்பல் கிடைக்கக் கூடாதெண்டு கும்பிடுறன்."