நல்ல கால்

— இதென்ன உதை டீச்சர்? தலகாணியத் தள்ளுற மாதிரி... இன்னொருக்கா!

— உதைச்சனான் தானே, றலியா பிள்ளை.

— எங்க உதைச்சீங்க? கம்பியூட்டரப் பாருங்க. கோடு படுத்துட்டு ஈக்கு.

— எனக்கு உந்தக் கோடு கீடு விளங்காது. முழங்கால் ஏலாது எண்டுதானே உன்னட்டை வாறன்.

— உடைஞ்சது வலது முழங்கால். அத அப்பவே டெஸ்ட் பண்ணி முடிச்சாச்சு. இப்ப மெஷின்ல கட்டி ஈக்கிறது இடது. நல்ல கால்!

— அதுவும்... இப்ப ஏலாது.

— ஆரு சொன்ன?

— கால்தான்.

— யா அல்லாஹ்! போன மாசம் இதே கால் கதிரையோட சேத்து மெஷினையே ஆட்டிச்சு. யாழ்ப்பாணத்துல இருவத்தாறு வருஷம் நெட்போல் பழக்கின கால்!

— வயசு போகுதெல்லோ.

— ஒரு மாசத்துல எவ்வளவு போகும் டீச்சர்?

— சரி, பெல்ட்டைக் கழட்டு. கடிதத்தைத் தா, நான் போறன்.

— கடிதம் சும்மா வராது. இந்த மெஷின் இரும்புக் குண்டு தூக்குற மாதிரி இல்ல. நீங்க எவ்வளவு பலமா தள்ளுறீங்களோ, அதுவும் அவ்வளவு பலமாத்தான் மறிக்கும். நெசமா ஏலாத ஆள் அஞ்சு தரம் தள்ளினா, அஞ்சு கோடும் ஒரே மாதிரி வரும். உங்கட வலது கால் அஞ்சும் அஞ்சு விதம்!

— அப்ப மெஷின் பழுது.

— மெஷின் பழுதா? போன கிழமைதான் சேர்விஸ் செஞ்ச!

— கத்தாதை பிள்ளை... வெளியில ஆக்கள் இருக்கினம்.

— கத்தாம என்ன செய்ய? என்ட உசிர எடுக்கிறீங்க!

— பதினைஞ்சாம் திகதியோட பழைய கடிதம் முடியுது. பொலிஸ் லொட்ஜுக்கு வந்து, யாழ்ப்பாணத்தாள் ஏன் கொழும்பில நிக்கிறாய் எண்டு கேட்டா நான் எதைக் காட்டுறது? எனக்குப் பக்கத்து அறைச் சனத்தை, காட்டக் கடிதமில்லை எண்டு பஸ்ஸில ஏத்தி வவுனியாவுக்கு அனுப்பிப் போட்டாங்கள். உடுப்பெடுக்கவும் விடேல்லை.

— தெரியும்.

— தெரிஞ்சா எழுதன்! ரெண்டு காலும் சரியில்லை எண்டு எழுது.

— ஊருக்குப் போனா என்ன? இங்க உங்களுக்கு வேற என்ன வேல?

— ஒரு வேலையுமில்லை. கால் மட்டும்தான்.

— கால் மட்டும்தான்...

— ஓம். அடுத்தது எப்ப வாறது? புதன்கிழமை மட்டும் போடாதை.

— புதன் நானும் லீவு. முதல்ல இதக் கேளுங்க. கடிதத்துல கையெழுத்து வைக்கிற டொக்டர் என்ட எழுத்தப் பாக்கிறல்ல, இலக்கத்தத்தான் பாக்கிற. நல்ல காலுக்கும் வருத்தக் காலுக்கும் வித்தியாசம் ஈந்தா, இன்னும் ட்ரீட்மெண்ட். ரெண்டும் ஒரே அளவெண்டா சுகம், வீட்ட போகலாம். இப்ப உங்கட ரெண்டு காலும்?

— ... ஒரே அளவு.

— பாருங்க! உங்கள நீங்களே பஸ்ஸுல ஏத்துறீங்க!

— ஐயோ கடவுளே... ரெண்டும் ஏலாட்டி இன்னும் நல்லதெண்டெல்லோ நினைச்சன்!

— நினைச்சீங்க! நல்ல காலம், பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்கல்ல.

— பகிடி விடாதை. உனக்கு... எப்ப தொடக்கம் தெரியும்?

— வலது கால் சுகமாகி ரெண்டு மாசம்.

— ரெண்டு மாசமோ? அப்ப போன கடிதம்...

— அண்டைக்கு நீங்க ஒழுங்கா ஏமாத்தினீங்க! இண்டைக்குத்தான் கெடுத்துட்டீங்க. இடது காலால உதைங்க, மெஷின் கழண்டு விழணும். பொறகு வலதுக்குத் திருப்பிக் கட்டுறன். மெதுவா, அஞ்சும் ஒரே மாதிரி. நான் எண்ணுறன்.

— பிடிபட்டா உன்ரை வேலை போயிடும். உனக்கு ஏனம்மா இந்த வில்லங்கம்?

— புதன்கிழமை ஜெயில் வாசல்ல, சோத்துப் பார்சலோட மகன் பேரச் சொல்லி நிக்கிறீங்களே... உங்களுக்கு நாலு பேர் பின்னால முகத்த மூடிட்டு நிக்கிற நான்தான் டீச்சர். என்ட கூடப்பொறந்த நானாவும் உள்ளுக்குத்தான். ம், உதைங்க!